ஜெசிந்தா தனக்காகத் திருத்திய வீடு

செய்தி வந்தபோது நான் ஆறுமுகநேரியில் ஒரு வீட்டின் குளியலறைக்குள் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். தரை போடுகிற கொத்தனார் வாட்டத்தைக் கதவுப் பக்கமாக இறக்கி வைத்திருந்தார். குளிக்கிற தண்ணீர் முழுவதும் நேராகப் படுக்கையறைக்குள் போகும். "ஏலே, தண்ணிக்குக் கால் மொளச்சு மேட்டுல ஏறிப் போயி ஓட்டைக்குள்ள எறங்குமால?" என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போது சட்டைப் பையில் போன் அடித்தது. மஸ்கட்டிலிருந்து சேவியர், ஜெசிந்தாவின் தம்பி. "அண்ணாச்சி, அக்கா போயிட்டா" என்றான். காலையில் பின்கதவு வழியாக வந்த பக்கத்து வீட்டம்மா, ஜெசிந்தா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்திருந்ததைப் பார்த்துவிட்டு அவனுக்குச் சொல்லியிருக்கிறார்.

டைல்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். கொத்தனாரும் அவரை அறிந்தவர்தான். "கெளம்புங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நான் உடனே கிளம்பவில்லை. கலவை இறுகுவதற்குள் அந்தத் தரையைப் பெயர்த்து, வாட்டத்தைத் திருப்பி, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். இவனுக்கு நெஞ்சு கல்லா என்று அந்த வீட்டு அம்மா நினைத்திருப்பார். நினைக்கட்டும். தப்பான வாட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து மாலை போட்டால் ஜெசிந்தாவுக்குப் பிடித்திருக்காது.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கச் சிறு நினைவு மலர் ஒன்று அச்சடிப்பதாகவும், அதில் நான் எழுத வேண்டும் என்றும் சேவியர் கேட்டான். நான் எழுதிப் பழகியது சாமான் பட்டியல் மட்டும்தான். "நல்லா எழுதுதவங்க ஊர்ல எத்தனையோ பேரு இருக்காங்களே" என்றேன். "அவங்க யாரும் அக்காகூட பதினெட்டு வருசம் சண்ட போடலியே அண்ணாச்சி" என்றான். அது நியாயம்தான். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் நாங்கள் இருவரும் சண்டை போட்டிருக்கிறோம். நீங்கள் காபி கொண்டுவந்து வைத்து எங்களை விலக்கிவிட்டிருக்கிறீர்கள்.

எங்களைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. என் பெயர் இசக்கிமுத்து. சொந்த ஊர் உடன்குடி. பழைய வீடுகளை இடித்துத் திருத்துகிற காண்டிராக்டர். ஜெசிந்தா படம் போடுவார், நான் வேலையை முடிப்பேன். அவருடைய கார்டில் இன்டீரியர் டிசைனர் என்று அச்சடித்திருக்கும். யாராவது நேரில் கேட்டால் "வீடு திருத்துதவ" என்பார். பூர்வீகம் மணப்பாடு, பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் அங்கே விட்டுப்போன வீட்டில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, தனியாக இருந்தார். அந்தத் தனி வீடுதான் அவருக்கு எல்லாம்.

நாங்கள் முதலில் சந்தித்ததே சண்டையில்தான். அப்போது அவர் ஒரு என்ஜினியரிடம் படம் வரைபவராக இருந்தார். ஒரு வீட்டுப் படுக்கையறையில் சுவர் முழுக்க அலமாரி செய்ய நான் அளவெடுத்துக்கொண்டிருந்தேன். "அண்ணாச்சி, இந்தக் கதவத் திறந்தா கட்டில்ல இடிக்குமே. அவங்க சேலைய எப்படி எடுப்பாங்க?" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "படத்துல இடிக்கலியேம்மா" என்றேன்.  அவர் கைப்பையிலிருந்து பெயின்டர்கள் ஒட்டுகிற காகித டேப்பை எடுத்து, கட்டில் இருக்கும் இடம், அலமாரி இருக்கும் இடம், கதவு திறக்கும் வளைவு எல்லாவற்றையும் தரையில் முழு அளவுக்கு ஒட்டினார். வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, "நடந்து காட்டுங்க, சேல எடுங்க" என்றார். அந்த அம்மா இரண்டு எட்டு வைத்துச் சிரித்துவிட்டார். தள்ளு கதவு போட்டோம். அடுத்த மாதமே நான் போய், சேர்ந்து வேலை செய்யலாமா என்று கேட்டேன்.

அந்த டேப் அவருடைய பழக்கம் ஆயிற்று. எந்த அறையாக இருந்தாலும் படம் முடிந்ததும் தரையில் ஒட்டிவிடுவார். மூன்று நாள் அந்தக் கோடுகளுக்குள்தான் அந்தக் குடும்பம் புழங்க வேண்டும். சாப்பாட்டு மேசை இருக்கிற இடத்தை மிதிக்கக் கூடாது. டிவி அலமாரி நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். மூன்றாம் நாள் வந்து, எங்கே டேப் கிழிந்திருக்கிறது என்று பார்ப்பார். கிழிந்த இடத்தில் படத்தை மாற்றுவார். இதற்கு ஆள் பழக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, டேப் ஒட்டிக் கட்டிய வீட்டில் ஒரு மேசையைக்கூட நாங்கள் பிறகு நகர்த்தியதில்லை.

அவருக்கு நன்றாகத் தெரிந்த இன்னொன்று எங்கள் உப்புக்காற்று. சென்னையில் பத்து வருடம் வருகிற கீல் இங்கே இரண்டாம் வருடம் துருப்பூத்து நிற்கும். சமையலறை இழுப்பறைக்குத் தண்டவாளம் வாங்கப் போனால் துருப்பிடிக்கிற இரும்பா என்று ஒட்டிப் பார்க்கக் காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டுபோவார். கடைக்காரர் முகம் சுண்டிப்போகும். கடல் பக்கத்து அலமாரிக் கதவுகளில் சாய்சட்டம் வைத்துக் காற்று ஓட விடுவார். மீன் கழுவுவதற்குப் பின்பக்கம் தனித் தொட்டி, அதற்கு மேலே நிழலுக்கு ஒரு சார்ப்பு. இது இல்லாமல் அவர் எந்தச் சமையலறையையும் வரைந்ததில்லை. வீட்டுக்காரர்கள் வெளிநாட்டுச் சமையலறைப் போட்டோவைக் காட்டினால் முழுவதும் பார்ப்பார், நல்லா இருக்கு என்பார். பிறகு, "போட்டோல மீன் நாறாதுல்லா" என்பார்.

எங்கள் ஊர் உடன்குடியில் கருப்பட்டி மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் தன் ஹாலுக்கு மூன்று அடுக்குப் பொய்க்கூரையும் நிறம் மாறும் விளக்குகளும் வேண்டும் என்றார். எனக்குச் சொந்த ஊர், கௌரவம். சரி என்றுவிட்டேன். ஜெசிந்தா வந்து அண்ணாந்து பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க மண்டியிலிருந்து வந்ததும் என்ன செய்வீங்க?" என்று அவரிடம் கேட்டார். "ஃபேனுக்குக் கீழ மல்லாந்து படுப்பேன்" என்றார் அவர். "அப்ப ஃபேனத்தான பாக்கணும், விளக்கப் பாத்தா தூக்கம் வருமா?" கூரை வேண்டாம் என்றாயிற்று. எதிரெதிரே இரண்டு பெரிய ஜன்னல் திறந்தோம். மூன்று நாள் நான் ஜெசிந்தாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றைக்கும் அந்த ஹாலில் பகலில் விளக்குப் போடுவதில்லை என்று அந்த அண்ணாச்சி எல்லாரிடமும் தன் யோசனைபோலச் சொல்லுகிறார். கேட்டால் ஜெசிந்தா சிரிப்பார்.

அவர் தப்பே செய்யாதவர் என்று எழுத எனக்கு மனசு இல்லை. அவருக்கே அது பிடிக்காது. ஆகவே காயல்பட்டினத்து வீட்டைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த வீட்டுப் பெண் பெயர் பரீதா என்று வைத்துக்கொள்வோம். கணவர் அபுதாபியில். சமையலறையை முழுவதும் புதுப்பிக்க வேண்டும் என்று அவர் அங்கிருந்தே போட்டோ அனுப்பினார். தரையிலிருந்து கூரை வரை அலமாரி, அதற்குள்ளேயே பிரிட்ஜ், அதற்குள்ளேயே ஓவன். அந்த வாரம் ஜெசிந்தாவுக்குக் கடும் காய்ச்சல். போனிலேயே கணவரிடம் பேசிப் படம் போட்டுவிட்டார். டேப் ஒட்டவில்லை. நான் போய் அளவெடுத்தேன். அந்நிய ஆண் வந்திருப்பதால் பெண்கள் உள்ளறையில் இருந்தார்கள். வீட்டுப் பெரியவர், "மாப்பிள்ள சொன்னபடி செய்ங்க" என்றார். நீளமான சுவர் ஒன்றுதான் இருந்தது. அதில் ஒரு சின்னக் கதவு, தாழ் போட்டிருந்தது. புழக்கத்தில் இல்லாத கதவு என்று நினைத்தேன். செங்கல் வைத்து அடைத்து, பூசி, அலமாரியை ஏற்றிவிட்டோம்.

வேலை முடிந்த அன்று காய்ச்சல் விட்டு ஜெசிந்தா வந்தார். சமையலறை கண்ணாடிபோல் இருந்தது. பரீதா உள்ளே நின்று, நல்லா இருக்கு என்று மெல்லச் சொன்னார். அப்போது தெருக்கதவில் மணி அடித்தது. பக்கத்து வீட்டில் இருக்கும் பரீதாவின் தங்கை, வெளியே போகிற உடை முழுவதும் உடுத்திக்கொண்டு, கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு வெயிலில் சுற்றி வந்திருந்தார். படுத்த படுக்கையாக இருந்த தாயாருக்கு இருவரும்தான் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். "பக்கத்து வீடுதானம்மா, ஏன் சுத்தி வாரீங்க?" என்று ஜெசிந்தா கேட்டார்.  பரீதாதான் சொன்னார். "இங்கன கதவு இருந்திச்சு லாத்தா. ஒரு நாளைக்குப் பத்து தடவ அது வழியா வருவா."

காயல்பட்டினத்தில் அக்கா தங்கை வீடுகள் அடுத்தடுத்து இருக்கும். பெண்கள் தெருவுக்கு வராமல் வீட்டுக்கு வீடு போய்வர நடுவே கதவு இருக்கும். நான் போனபோது அது தாழிட்டிருந்ததற்குக் காரணமே நான்தான். ஆண் ஒருவன் உள்ளே வருகிறான் என்றதால் அடைத்திருக்கிறார்கள். மண்டையில் உறைத்ததும் நான் வாயைத் திறந்தேன். அவங்க மாப்பிள்ளைதானே சொன்னார் என்று சொல்லப் பார்த்தேன். ஜெசிந்தா முந்திக்கொண்டார். "தப்பு என்னோடது. நான் வந்து கேட்டிருக்கணும்" என்றார். அங்கேயே அபுதாபிக்கு வீடியோ போட்டு, எல்லார் முன்னாலும் அதையே மறுபடி சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "ஒடைங்க அண்ணாச்சி" என்றார். புத்தம் புது அலமாரியை இரண்டாக அறுத்துக் கதவைத் திறந்தோம். பிரிட்ஜ் சாப்பாட்டு அறைக்குப் போயிற்று. தெருவழியே சுற்றி வந்த அதே தங்கைதான் முதலில் அந்தக் கதவு வழியாக வந்தார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வழக்கம் வைத்தார். ஓர் அறையில் யார் அதிக நேரம் நிற்கிறாரோ அவர்தான் முதலில் பேச வேண்டும். வீட்டுத் தலைவர் கடைசியில். பெண்கள் பேசி முடிக்கும்வரை நான் தெருவில் நிற்க வேண்டும். "நீங்க இருந்தா உங்க தலையப் பாத்து ஆமா ஆமாங்காங்க. வெளிய போயி நில்லுங்க" என்பார். எத்தனை தெருக்களில், எத்தனை வெயிலில் நின்றிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. முணுமுணுத்துக்கொண்டேதான் நின்றேன்.

இனி நான் சொல்ல வந்த வீட்டுக்கு வருகிறேன்.

இரண்டு வருடம் முன்னால் அவர் முதுகுத்தண்டில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். அறுவை சிகிச்சை ஆயிற்று. கால்கள் திரும்பவில்லை. சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தார். சேவியர் நாற்பது நாள் விடுப்பில் ஓடி வந்தான். திருநெல்வேலியில் அவன் மனைவி மக்கள் இருக்கிற அடுக்குமாடி வீட்டுக்கு அக்காவைக் கூட்டிப்போய்விடுவது, இந்த வீட்டை விற்றுவிடுவது என்று முடிவோடுதான் வந்தான். அவன்மேல் தப்பு சொல்ல முடியாது. அக்கா என்றால் உயிரை விடுவான். கால் நடக்காத ஒருத்தரைத் தனியாக விட்டுவிட்டுக் கடல் கடந்து போய் எந்தத் தம்பிக்குத் தூக்கம் வரும்?

ஜெசிந்தா அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. "ஒன் லீவு முடியுததுக்குள்ள ஒரு நாளு. காலையிலருந்து சாயங்காலம் வர இந்த வீட்டுல நான் தனியா இருந்து காட்டுதேன். சமைக்கணும், குளிக்கணும், துவைக்கணும். ஒரு கையும் உள்ள வரக் கூடாது. முடியலன்னா நீ சொல்லுத எடத்துக்கு வாரேன்" என்றார். சேவியர் என்னைப் பார்த்தான். நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். "என்ன அண்ணாச்சி, முப்பது நாள்ல வீட்டத் திருத்திருவீங்கள்லா?" என்று கேட்டார். முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

இரண்டு நாளில் நானே ஒரு படம் போட்டுக்கொண்டு போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் இல்லாமல் நான் போட்ட படம். படுக்கையறையை இரண்டு மடங்காக்கி, ஜன்னலோரம் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டு, எதிரே பெரிய டிவி, பக்கத்தில் மணி. நோயாளிக்கு வேறு என்ன வேண்டும் என்று நினைத்தேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "டேப்ப ஒட்டுங்க" என்றார். ஒட்டினேன். நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே போனார், ஒரு சுற்று சுற்றினார், வெளியே வந்தார். "இந்த ரூம்ல நான் என்ன செய்யணும் அண்ணாச்சி, சாவணுமா?" என்றார். எனக்கு முகம் செத்துப்போயிற்று. பிறகு அவரே மெதுவாகச் சொன்னார். "காலுதான் வரல. பசி வருதுல்லா. குசினிய மொதல்ல பாருங்க." மணப்பாட்டுக்காரர்கள் சமையலறையைக் குசினி என்பார்கள்.

வேலை தொடங்கியது. அவர் வாசலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். எல்லா நிலைப்படிகளையும் எடுத்துத் தரையை ஒரே மட்டமாக்கினேன். முன்வாசல் படிக்குப் பக்கத்தில் சரிவு கட்டினேன். குளியலறைக் கதவை அகலமாக்கித் தள்ளு கதவு வைத்தேன். வழுக்காத டைல்ஸ் பதித்து, கைப்பிடிக் கம்பிகளைச் சுவருக்கு அந்தப் பக்கம் தகடு கொடுத்து முடுக்கினேன். நான் தொங்கிப் பார்த்தேன், பெயர்ந்து வரவில்லை. கட்டில் நாற்காலி உயரத்துக்கு வந்தது. சுவிட்சுகள் கீழே இறங்கின, பிளக் போடுகிற இடங்கள் மேலே ஏறின. அலமாரியில் சேலைக் கம்பியைக் கீழே இழுத்துக்கொள்கிற மாதிரி வைத்தோம். குசினியில் மேடைக்கு அடியில் எதுவும் இல்லை, முழங்கால் போகிற இடம். கழுவு தொட்டி ஆழம் குறைவு. அடுப்பு இரண்டும் முன்வரிசையில், கை தாண்டிப் போகாதபடி.

மேடையில்தான் நான் மண்ணைக் கவ்வினேன். அவர் பிசியோதெரபிக்குப் போயிருந்த காலையில் நான் உயரத்தை அளந்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு நானே உட்கார்ந்து, கை எட்டுகிற உயரத்தைக் குறித்துக்கொண்டேன். கிரானைட் பலகையும் வந்து உட்கார்ந்துவிட்டது. மறுநாள் அவர் உருட்டிக்கொண்டு வந்தார். நாற்காலியின் கைப்பிடி பலகையில் மோதியது. முழங்கால் இடித்தது. மேடை மூன்று அங்குலம் தாழ்வு. சக்கர நாற்காலியின் இருக்கை உயரம், அதன்மேல் மெத்தை ஒன்று. இத்தனை வருடம் அளவு டேப் பிடித்த எனக்கு அது தெரியவில்லை. சேவியர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்தாயா அக்கா, நடக்காது என்று சொல்ல வாயெடுத்தான்.

நான் முந்திக்கொண்டேன். "தப்பு என்னோடது" என்றேன். 

"எந்தச் சேர்ல உக்காந்து அளந்தீங்க?" என்று கேட்டார்.

"பிளாஸ்டிக் சேர்ல."

"எஞ் சேரு எப்பவும் இங்கனதான கெடக்கு. ஏன் அத அளக்கல?"

உண்மையைச் சொன்னேன். "அதப் பாக்க எனக்கு மனசு வரல."

அவர் நாற்காலியை என் பக்கம் உருட்டினார். "இப்பப் பாருங்க. நல்லாப் பாருங்க. டேப்ப எடுங்க" என்றார். நான் தரையில் மண்டியிட்டு அந்த நாற்காலியை முதன்முறையாக அளந்தேன். கைப்பிடி, இருக்கை, மெத்தை, அசையாமல் இருந்த அவர் முழங்கால். எண்களை அவர்தான் உரக்கச் சொன்னார், நான் குறித்தேன். அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. அவர் அழவில்லை. எழுதி முடித்ததும், "ஒரு செங்கல் வரிசதான அண்ணாச்சி. ஏத்துங்க" என்றார்.

பலகையைக் கிளப்பும்போது தொட்டிக்காக வெட்டிய இடத்தில் விரிசல் விட்டு உடைந்தது. வேறு பலகை வெட்டி வந்தது. சேவியர் விடுப்பில் நான்கு நாள் மீதி இருந்தது.

தனியாக இருந்து காட்டுவதாக அவர் சொன்ன அந்த நாள் காலை ஏழு மணிக்கு அவர் எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். சேவியரும் நானும் பக்கத்து வீட்டு நிழலில் உட்கார்ந்தோம். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் என்ன ஏது என்று கேட்டார்கள். எட்டு மணிக்குத் தண்ணீர் விழுகிற சத்தம். பத்து மணிக்குத் துணி துவைக்கிற மெஷின். பதினொன்றரைக்குப் பெரிய பாத்திரம் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. சேவியர் ஓடிப்போய்க் கதவில் கை வைத்துவிட்டான். நான் அவன் கையைப் பிடித்தேன். "விடுங்க அண்ணாச்சி, அக்கா விழுந்துட்டாளோ என்னமோ" என்று என்னை உலுக்கினான்.  அவரிடம் கொடுத்த வாக்கை மீறிக் கதவைத் திறந்தால் எல்லாம் முடிந்தது. திறக்காமல் இருந்து அவர் உள்ளே கிடந்தால் அதுவும் முடிந்தது. கூப்பிட்டுப் பார்க்கவும் பயம். அப்படியே நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு உள்ளே மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது. சேவியர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. குளித்து, தலை சீவி, வேறு சேலை உடுத்தியிருந்தார். மேசையில் சோறும் விளமீன் குழம்பும் இருந்தன. "பாத்திரம் விழுந்துச்சே?" என்று சேவியர் கேட்டான். "விழுந்துச்சு. எடுத்தேன்" என்றார். அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். "உப்பு கொஞ்சம் கம்மி" என்றான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "ஒன் வீட்டுக்காரி வந்து போடட்டும்" என்றார் ஜெசிந்தா. நான்காம் நாள் அவன் விமானம் ஏறினான். வீட்டை விற்கிற பேச்சு அதோடு நின்றது.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம். அந்த மேடையில்தான் படம் வரைந்தார். வீடு திருத்த நினைக்கிறவர்கள் அவரைத் தேடி அங்கே வந்தார்கள். வந்த பெண்கள் குசினியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். முட்டி வலிக்காரர்கள் எங்களுக்கும் இதுபோல உட்கார்ந்து சமைக்க ஒரு மேடை வேண்டும் என்றார்கள். குளியலறையில் கைப்பிடிக் கம்பி வைக்கச் சொன்னால் முன்பெல்லாம், எங்க வீட்டுல யாருக்கும் நோய் இல்லியே என்று கோபப்படுவார்கள். அவர் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் தாங்களே கேட்டார்கள். என் வீட்டிலும் வைத்திருக்கிறேன். அந்தப் பதினான்கு மாதத்தில் நாங்கள் முடித்த வீடுகள்தான் நாங்கள் செய்ததிலேயே நல்ல வீடுகள் என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன். சண்டையும் குறையவில்லை. வீடியோவில் டைல்ஸைக் காட்டினால், "அண்ணாச்சி, அந்த மூலையில கோடு வளைஞ்சிருக்கு" என்பார். போய்ப் பார்த்தால் வளைந்திருக்கும்.

அடக்கம் முடிந்து பதினோராம் நாள் அந்த வீட்டுக்குப் போனேன். சேவியர் கதவைத் திறந்தான். தாழ்ப்பாள் நாற்காலியில் இருப்பவர் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருப்பதால் அவன் நன்றாகக் குனிந்துதான் திறக்க வேண்டியிருந்தது. மனைவி மக்களோடு இங்கேயே வந்து இருக்கப் போவதாகச் சொன்னான். எனக்குத் தொழில்புத்தி. "தாழ்ப்பாள மேல ஏத்தித் தந்துருதேன் சேவியர். குசினியையும் நின்னு சமைக்க ஒசத்திருவோம்" என்றேன். அவன் உள்ளே திரும்பிப் பார்த்தான். "ஒண்ணையும் தொட வேண்டாம் அண்ணாச்சி. கெடக்கட்டும். எங்களுக்கும் வயசாகும்லா" என்றான்.

அந்தப் பதினான்கு மாதத்தில் எத்தனை முறை அந்த வாசலில் போய் நின்றேன் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. வேறு யாரும் வந்து எனக்குக் கதவைத் திறந்ததில்லை. மணியை அடித்தால் உள்ளே சக்கரம் உருளுகிற சத்தம் கேட்கும். தாழ்ப்பாள் நகரும். கதவு திறந்து, "லேட்டு அண்ணாச்சி" என்பார். ஜெசிந்தாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான். தன் வீட்டுக் கதவைக் கடைசிவரை அவரே திறந்தார். அந்தத் தாழ்ப்பாளை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் பொருத்தியவன் நான்.